துப்பாக்கிக்கும் உண்டு ஆயுள்: எண்ணப்பட வேண்டிய தோட்டாக்களும் கண்ணில் படாத விரிசல்களும்

புது தில்லி: காவல் துறைக்கு எத்தனை துப்பாக்கிகள் வாங்கப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் விடை கிடைக்கும். எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவிடப்பட்டது என்று மாநிலச் சட்டப்பேரவைகளில் மானியக் கோரிக்கையின்போது கேட்டாலும் விடை கிடைக்கும். ஏற்கெனவே வாங்கப்பட்டு, காவலரின் இடுப்பு உறையில் தொங்கிக் கொண்டிருக்கும் கைத்துப்பாக்கி இன்னும் எத்தனை தோட்டாக்களைத் தாங்கும் என்ற கேள்வி மட்டும் எந்த அவையிலும் எழுவது அரிது.

இரும்பால் ஆன பொருள் என்பதால் துப்பாக்கி என்றென்றும் உழைக்கும் என்று பலரும் நம்புகின்றனர். உண்மை அவ்வாறில்லை. சாலையில் ஓடும் பேருந்தின் அச்சுக்கும், வானில் பறக்கும் விமானத்தின் இறக்கைக்கும் ஆயுள் இருப்பதைப் போலவே, கைத்துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் ஓடும் 'ஸ்லைடு' எனப்படும் எஃகுப் பாகத்துக்கும் ஆயுள் உண்டு. அந்த ஆயுள் ஆண்டுக் கணக்கில் அல்ல. சுடப்பட்ட தோட்டாக்களின் கணக்கில் அளக்கப்படுகிறது. அந்தக் கணக்கைத் தவறவிட்டால் ஆபத்து எதிரியின் பக்கமிருந்து வராது. சுடுபவரின் முகத்துக்கு ஓர் அடி முன்னால் இருந்தே வரும்.

ஒரு தோட்டா, இரண்டு அடி

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் விசை இழுக்கப்பட்டதும் வெடிமருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குண்டை முன்னோக்கித் தள்ளும் அதே வலுவோடு, தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பின்னோக்கி ஸ்லைடின் முகப்பின் மீது மோதுகிறது. உலகெங்கும் ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவுக்கு ஐரோப்பியத் தர விதிகள் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 2,350 பார். அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல இரண்டாயிரம் மடங்குக்கும் அதிகம்.

அந்தக் கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டப்பட்ட நிலையில் சில மில்லிமீட்டர் பின்னோக்கி நகர்கின்றன. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் பூட்டு விலகுகிறது. குழல் நின்றுவிட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் ஓடிக் காலிக் கூட்டை வெளியே எறிகிறது. சுருள்வில்லை அமுக்கிக் கொண்டே சென்று, கடைசியில் துப்பாக்கியின் சட்டகத்தில் முட்டி நிற்கிறது. பின்னர் சுருள்வில் அதை முன்னோக்கி உந்துகிறது. அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலுக்குள் செலுத்தியபடி ஸ்லைடு மறுபடியும் ஓர் அடியோடு பூட்டிக் கொள்கிறது. இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்து விடுகின்றன.

ஆக, ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஸ்லைடு பின்னால் ஓர் அடியும் முன்னால் ஓர் அடியும் வாங்குகிறது. 13 தோட்டாக்கள் கொண்ட ஒரு மேகசினைக் காலி செய்தால் 26 அடிகள். பயிற்சிக் களத்தில் ஒரு நாள் காலையில் ஆயிரம் தோட்டாக்கள் சுடப்பட்டால் இரண்டாயிரம் அடிகள்.

தேய்மானம் வேறு, அயர்ச்சி வேறு

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இன்னொன்று. துப்பாக்கியின் முதுமையில் இவ்விரண்டும் தனித்தனியே வேலை செய்கின்றன.

முதலாவது தேய்மானம். ஸ்லைடும் சட்டகமும் உரசும் தடங்கள் மெல்ல மெல்லத் தேய்கின்றன. இடைவெளி கூடுகிறது. குறி சற்றே பிசகுகிறது. சில நேரங்களில் தோட்டா சிக்கிக் கொள்கிறது. இது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். ஆட்டி அசைத்துப் பார்த்தே அனுபவமுள்ள ஆர்மரர் சொல்லி விடுவார்.

இரண்டாவது உலோக அயர்ச்சி. இது தெரியாது. கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்தால் அது ஒடிவதில்லை. முன்னும் பின்னுமாக மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிந்து விடுகிறது. ஒடித்த விசை கடைசி வளைவில் கூடிவிடவில்லை. முதல் வளைவில் இருந்த அதே விசைதான். இடையில் உலோகத்தின் உள்ளே நுண்ணிய விரிசல் பிறந்து, ஒவ்வொரு வளைவிலும் மயிரிழையாக வளர்ந்திருக்கிறது. எஞ்சிய பகுதி சுமையைத் தாங்க முடியாத நிலையை எட்டியதும் ஒரே கணத்தில் முறிகிறது.

1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து நேரிட்ட பெரும் விபத்துக்குப் பிறகுதான் இந்த விந்தை பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் பிரஷ்யாவின் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைத் தொடர்ந்து சுழற்றிச் சோதனைகள் நடத்தினார். ஒருமுறை கொடுத்தால் எளிதில் தாங்கக்கூடிய சுமையைக் கூட, பல்லாயிரம் முறை கொடுத்தால் எஃகு தாங்காது என்று காட்டினார். 1954-இல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதற்கும் இந்த அயர்ச்சியே காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது.

ஸ்லைடில் இந்த விரிசல் எங்கே பிறக்கும் என்பதும் அறியப்பட்டதே. காலிக் கூடு வெளியேறும் திறப்பின் மூலைகள், குழல் வந்து பூட்டிக் கொள்ளும் குழிவுகள், ஊசி வந்து மோதும் முகப்பின் ஓரங்கள் ஆகியவையே அந்த இடங்கள். உலோகம் மெலிந்தும் மூலை கூர்மையாகவும் இருக்கும் இடத்தில் விசை குவிகிறது. கடைசல் இயந்திரம் விட்டுச் சென்ற ஒரு கீறலோ, வியர்வையும் கடற்காற்றும் அரித்த ஒரு துருப்புள்ளியோ விரிசலுக்கு வாசலாகி விடுகிறது. கட்ச் பகுதியின் உப்புவெளியிலும் சுந்தரவனத்தின் சதுப்பிலும் காவல் நிற்கும் எல்லைப் பாதுகாப்புப் படையினரின் ஆயுதங்களுக்கு எண்ணெய்த் துணி வெறும் சடங்கல்ல என்பது இதனால்தான்.

அமெரிக்கா கற்ற பாடம்

இதன் விளைவு என்னவாகும் என்பதை உலகுக்குக் காட்டியது அமெரிக்கா. அந்நாட்டு ராணுவம் 1985-இல் இத்தாலியின் பெரெட்டா நிறுவனத்தின் 9 மி.மீ. கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து அதற்கு 'எம்-9' என்று பெயரிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் தொடங்கி, அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படைப் பிரிவினர் பயன்படுத்திய பெரெட்டா துப்பாக்கிகளில் ஸ்லைடுகள் பயிற்சியின்போது இரண்டாக முறியத் தொடங்கின. முறிந்த பின்பாதி சட்டகத்தை விட்டுக் கழன்று, சுட்டவரின் முகத்தையே தாக்கியது. மூன்று வீரர்களுக்கு முகத்தில் காயம் ஏற்பட்டது. ஒருவருக்குப் பல் உடைந்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான பொதுக் கணக்கு அலுவலகம் இதை ஆராய்ந்து 1988-இல் அறிக்கை அளித்தது. மொத்தம் 14 ஸ்லைடுகள் பழுதடைந்ததாகவும், அவற்றில் 3 களத்திலும் 11 ஆய்வகத்திலும் நிகழ்ந்ததாகவும் அது பதிவு செய்தது. ராணுவம் மூன்று துப்பாக்கிகளை ஆய்வகத்தில் தொடர்ந்து சுட்டுச் சோதித்தது. ஒன்று 23,310 தோட்டாக்களிலும், மற்ற இரண்டும் 30 ஆயிரத்தைக் கடந்த பிறகும் பழுதடைந்தன. அவை ஒப்பந்தம் கோரிய 5,000 தோட்டாக்கள் என்ற குறைந்தபட்ச ஆயுளைத் தாண்டியவைதான். ஆனால், பின்னர் 5,000-ஐத் தொடுவதற்கு முன்பே ஒரு ஸ்லைடு பழுதடைந்தது. 3,000 தோட்டாக்களுக்கு ஒருமுறை ஸ்லைடை மாற்ற வேண்டும் என்று முதலில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, 1,000 தோட்டாக்கள் என்று கடுமையாக்கப்பட்டது.

காரணம் எது என்பதில் கருத்து வேறுபாடு நிலவியது. எஃகின் வலுக்குறைவை ஒரு தரப்பு சுட்டியது. அளவுக்கு மீறிய அழுத்தம் கொண்ட தோட்டாக்களை நிறுவனத் தரப்பு சுட்டியது. ஆனால், வாதம் முடியும் வரை வீரர்களின் முகங்கள் காத்திருக்க முடியாது. ஆகவே வடிவமைப்பே திருத்தப்பட்டது. சுத்தியல் பாகத்தைத் தாங்கும் ஊசியின் தலை பெரிதாக்கப்பட்டது. ஸ்லைடின் அடிப்பகுதியில் அதற்கேற்ற பள்ளம் வெட்டப்பட்டது. ஸ்லைடு முறிந்தாலும் பின்பாதி கழன்று பின்னால் பாயாதபடி அந்த ஊசித் தலை தடுத்து விடும்.

உலோகம் என்றேனும் ஒருநாள் முறியும் என்பதை ஒப்புக் கொண்டு, முறிந்தாலும் உயிருக்கு ஊறு நேராமல் பார்த்துக் கொள்வதே இத்திருத்தத்தின் சாரம். உண்மை வெளிவந்ததால் அந்தத் துப்பாக்கி ஒழிந்துவிடவும் இல்லை. மறுபடியும் நடத்தப்பட்ட போட்டிச் சோதனையில் 1989-இல் அதே நிறுவனமே வென்றது. 2017-இல் வேறொரு துப்பாக்கி தேர்ந்தெடுக்கப்படும் வரை எம்-9 அமெரிக்க ராணுவத்தின் பொதுக் கைத்துப்பாக்கியாக நீடித்தது.

அமெரிக்காவுக்கு முன்பே மேற்கு ஜெர்மனி இதே பாடத்தைக் கற்றிருந்தது. பெரெட்டாவின் பூட்டு அமைப்புக்கு முன்னோடியான ஜெர்மனியின் பி-38 கைத்துப்பாக்கி, போருக்குப் பின் அலுமினியச் சட்டகத்துடன் பி-1 என்ற பெயரில் அந்நாட்டு ராணுவத்தில் பயன்பட்டது. அதன் ஸ்லைடு 1960-களின் பிற்பகுதியில் தடிமனாக்கப்பட்டது. பின்னர் சட்டகத்தின் குறுக்கே ஓர் எஃகு ஊசியும் சேர்க்கப்பட்டது.

இஷாப்பூரின் கைத்துப்பாக்கி

இந்தியப் படைகளின் கையில் நெடுங்காலமாக இருந்து வருவது 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ'. மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கானாக்கள் மாவட்டத்தில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராவது. இதன் மூலம் 'பிரௌனிங் ஹை-பவர்'. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தொடங்கி வைத்து, 1926-இல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தைச் சேர்ந்த தியூதொனே செவ் முடித்த வடிவமைப்பு அது. 1935-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது கனடாவின் இங்லிஸ் நிறுவனம் தயாரித்த ஹை-பவரின் வழியிலேயே இந்தியத் துப்பாக்கி உருவானது.

காலத்தால் சோதிக்கப்பட்ட, நம்பகமான வடிவமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், அது வகுக்கப்பட்டபோது இருந்த எஃகும், தோட்டாவின் வலுவும், பயிற்சியின் அளவும் வேறு. வலுக்கூடிய .40 ரகத் தோட்டாவுக்காக 1990-களில் பெல்ஜிய நிறுவனம் இதே துப்பாக்கியை மாற்றியமைத்தபோது, பழைய முறையில் அடித்து வார்க்கப்பட்ட சட்டகம் போதாமல், கடினமான வார்ப்புச் சட்டகத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஒரு துப்பாக்கியின் ஆயுளைத் தோட்டாவின் வலுவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இது சான்று.

இஷாப்பூர் ஆலையின் நிர்வாகமும் மாறியிருக்கிறது. 2021 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, அதன் 41 ஆலைகளும் ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. இஷாப்பூர் ஆலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயுத உற்பத்தி நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிற்சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய அதே ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. இதற்கிடையே மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் அருகேயும் ஹரியாணாவின் ஹிசாரிலும் தனியார் துறையில் சிறு ஆயுத உற்பத்தி தொடங்கியுள்ளது.

யார் தயாரித்தாலும் கேள்வி ஒன்றுதான். விற்ற பிறகு அந்தத் துப்பாக்கியின் ஆயுளுக்குப் பொறுப்பு யாருக்கு? ஒப்பந்தப் புள்ளியில் விலையும் எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் போதாது. எத்தனை தோட்டாக்களுக்கு ஒருமுறை சுருள்வில் மாற்றப்பட வேண்டும், எத்தனை தோட்டாக்களுக்குப் பிறகு ஸ்லைடைச் சோதிக்க வேண்டும், உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பனவும் அதில் இடம்பெற வேண்டும்.

சுடாத துப்பாக்கி உடையாது

இங்கேதான் இந்தியச் சூழலின் முரண் வெளிப்படுகிறது. ஒரு காவலர் ஆண்டுக்கு 30 தோட்டாக்கள் மட்டுமே சுடுவதாக வைத்துக் கொள்வோம். அமெரிக்க ஆய்வகத்தில் முதலில் பழுதடைந்த துப்பாக்கியின் 23,310 என்ற எண்ணிக்கையை அவருடைய துப்பாக்கி எட்ட எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த ஸ்லைடு உடையவே உடையாது. ஆனால், அந்தக் காவலருக்குச் சுடவும் வராது.

மாறாக, பயிற்சிப் பள்ளியில் உள்ள ஒரு துப்பாக்கியை எண்ணிப் பார்க்கலாம். ஓர் அணியில் 40 பேர், ஆளுக்கு 50 தோட்டாக்கள், எல்லோருக்கும் அதே துப்பாக்கி என்றால் 2,000 தோட்டாக்கள். ஆண்டுக்கு ஆறு அணிகள் என்றால் 12,000. இரண்டே ஆண்டுகளில் 24,000. இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே ஆலையில் தயாராகி, ஒரே வரிசை எண்களைக் கொண்டிருக்கலாம். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே வயது. உலோகத்தின் கணக்கிலோ ஒன்று குழந்தை, மற்றொன்று கிழம். வெவ்வேறு துப்பாக்கிகளின் எஃகும் வடிவமைப்பும் வேறுபடுவதால், ஒன்றுக்குக் கண்ட எண்ணிக்கையை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது மெய்தான். ஆனால், வாங்கிய ஆண்டைப் பார்த்து ஆயுளைத் தீர்மானிப்பது பிழை என்பது எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும்.

ஆகவே, ஸ்லைடே உடையாத ஒரு காவல் படை அதற்காகப் பெருமைப்பட வேண்டியதில்லை. அது போதுமான பயிற்சி இல்லாததன் அடையாளமாகவும் இருக்கலாம். நாட்டிலேயே மிகக் கடுமையாகப் பயிற்சி பெறும் மானேசரின் தேசியப் பாதுகாப்புப் படை போன்ற அமைப்புகளில்தான் துப்பாக்கிகள் முதலில் களைப்படையும். நன்றாகப் பயிற்சி பெறும் படைக்கு உதிரி பாகங்களுக்கான செலவு கூடுதலாகவே இருக்கும். அதை வீண் செலவு என்று நிதித் துறை கருதினால், பயிற்சியைக் குறைத்துக் கொள்ளும்படி மறைமுகமாகச் சொல்வதாகவே பொருள்.

பணம் போகும் வழி

2008 நவம்பர் 26-இல் மும்பையில் பயங்கரவாதிகளின் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளைக் காவலர்கள் பழைய .303 ரைபிள்களுடன் எதிர்கொண்ட காட்சி நாட்டை உலுக்கியது. அதன்பின் நவீன ஆயுதம் என்ற சொல் எல்லாக் கட்சிகளின் பேச்சிலும் இடம்பெற்றது. காவல் என்பது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆயினும் மாநிலக் காவல் படைகளை நவீனப்படுத்த மத்திய அரசு 1969 முதல் உதவி வருகிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ரூ.26,275 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதில் மாநிலக் காவல் படைகளின் நவீனமயத்துக்கான மத்தியப் பங்கு ரூ.4,846 கோடி.

பணம் ஒதுக்கப்படுவதாலேயே ஆயுதம் காவலரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. ராஜஸ்தானில் 2009 முதல் 2014 வரையிலான காலத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், மாநிலமே வகுத்த தேவையில் 75 சதவீத அளவுக்கு நவீன ஆயுதப் பற்றாக்குறை இருந்ததாகக் கண்டறிந்தார். வாங்கிய ஆயுதங்களிலும் 59 சதவீதம் காவல் நிலையங்களுக்கு அனுப்பப்படாமல் கிடந்தன. மேற்கு வங்கத்தில் 71 சதவீதப் பற்றாக்குறையும், குஜராத்தில் 36 சதவீதப் பற்றாக்குறையும் தணிக்கையில் தெரிய வந்தன.

இந்தத் தணிக்கைகள் எண்ணிக்கையைக் கேட்டன. அது தேவையான கேள்வி. அடுத்த கேள்வி, இருக்கும் ஆயுதங்களில் எஞ்சியுள்ள ஆயுள் எவ்வளவு என்பதாக இருக்க வேண்டும். பற்றாக்குறை உள்ள படையில் இருக்கும் சில துப்பாக்கிகளே பலர் கைமாறி மீண்டும் மீண்டும் சுடப்படும். பற்றாக்குறையே அயர்ச்சியை விரைவுபடுத்தும். புதிய ஆயுதங்கள் வழங்கும் விழாவுக்கு அமைச்சர் வருவார், புகைப்படம் வெளியாகும். சுருள்வில் மாற்றும் பணிக்கு விழா எடுக்க முடியாது. அரசியலில் பராமரிப்பு என்றுமே பின்வரிசையில் அமர்த்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலிவான சுருள்வில், விலைமிக்க ஸ்லைடு

ஸ்லைடின் ஆயுளைக் காக்கும் முதல் காவலன் அதற்குக் கீழே உள்ள சுருள்வில். பின்னால் பாயும் ஸ்லைடின் வேகத்தை அதுதான் தணிக்கிறது. ஆயிரக்கணக்கான முறை அமுங்கி விரிந்த பின் அது குட்டையாகிறது, வலு குறைகிறது. அப்போது ஸ்லைடு சட்டகத்தின் மீது கூடுதல் வேகத்தில் மோதத் தொடங்குகிறது. காலிக் கூடுகள் வழக்கத்தைவிடத் தொலைவில் போய் விழுவது இதன் ஓர் அறிகுறி. மோதும் இடத்தில் உலோகம் நசுங்கிப் பளபளப்பது இன்னொன்று. புதிய சுருள்வில்லோடு பழையதை அருகருகே வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். துப்பாக்கியின் விலையோடு ஒப்பிட்டால் சுருள்வில்லின் விலை மிகச் சொற்பம்.

விரிசலைக் கண்டறியும் முறைகளும் நாட்டுக்குப் புதியவை அல்ல. நிறமேற்றிய திரவத்தைத் தடவித் துடைத்து, விரிசலுக்குள் தங்கிய நிறம் மேலே கசிவதைப் பார்ப்பது ஒரு முறை. எஃகைக் காந்தப்படுத்தி அதன்மீது இரும்புத் துகள்களைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் துகள்கள் கோடாகச் சேரும்; இது மற்றொரு முறை. ரயில்வே பணிமனைகளும் விமானப் பராமரிப்பு நிலையங்களும் இவற்றை அன்றாடம் கையாள்கின்றன. விரிசல் கண்ட ஸ்லைடைப் பற்றவைத்து ஒப்பேற்றுவது மட்டும் கூடாது. பற்றவைப்பின் வெப்பம் எஃகுக்குக் கொடுக்கப்பட்ட பதத்தைக் கெடுத்து, அடுத்த முறிவுக்கு வழி வகுக்கும்.

எண்ணிப் பழகிய நாடுதான்

உலோகத்தின் ஆயுளைக் கணக்கு வைப்பது இந்திய அரசு நிர்வாகத்துக்குத் தெரியாத கலையும் அல்ல. ஒரு தண்டவாளத்தின் மீது எத்தனை மில்லியன் டன் எடை கடந்து சென்றது என்று ரயில்வே கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை வைத்தே மீயொலிக் கருவியால் விரிசல் தேடும் இடைவெளியும், தண்டவாளத்தை மாற்றும் காலமும் முடிவாகின்றன. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டீகரில் விடைபெற்ற மிக்-21 போர் விமானங்களின் ஆயுளும் பறந்த மணிக் கணக்கில்தான் அளக்கப்பட்டு வந்தது.

கணக்கு தவறினால் என்னவாகும் என்பதற்கு, 2022 அக்டோபர் 30-இல் குஜராத்தின் மோர்பியில் 135 பேரைப் பலி கொண்ட தொங்குபாலம் சாட்சி. அங்கே ஒரு முதன்மைக் கம்பி வடத்தின் 49 கம்பிகளில் 22 துருப்பிடித்திருந்தன என்றும், விபத்துக்கு முன்பே அவை அறுந்திருக்கக்கூடும் என்றும் சிறப்புப் புலனாய்வுக் குழு கூறியது. பாலத்துக்கு வண்ணம் பூசித் திறந்து விட்டிருந்தனர். வடத்தின் உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

கைத்துப்பாக்கிக்குத் தேவையான கணக்கின் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டு விடுகிறது. ஆயுதக் கிடங்கிலிருந்து தோட்டாக்கள் எண்ணித்தான் வழங்கப்படுகின்றன. பயிற்சி முடிந்ததும் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் காவலர் பதில் சொல்லியாக வேண்டும். அதே எண்ணிக்கையை, சுட்ட துப்பாக்கியின் வரிசை எண்ணுக்கு நேராகவும் ஒரு பத்தியில் குறித்து வந்தால் போதும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பிறந்தது முதல் உள்ள வரலாறு தானே உருவாகிவிடும். இதற்குப் புதிய இயந்திரமோ வெளிநாட்டுத் தொழில்நுட்பமோ தேவையில்லை.

ஓய்வு பெற்ற ஆயுதம் எங்கே போகிறது?

கணக்கு, ஸ்லைடு கழிக்கப்பட்டதோடு முடிந்துவிடவும் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் உள்ள மத்திய ராணுவத் தளவாடக் கிடங்கிலிருந்து, பயன்பாட்டுக்கு உதவாதவை என ஒதுக்கப்பட்ட ஏ.கே.-47 துப்பாக்கிகளின் பாகங்கள் கடத்தப்பட்டு, பிகாரின் முங்கேர் மாவட்டத்தில் விற்கப்பட்டது 2018-இல் அம்பலமானது. முங்கேர், பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் தன் தலைநகரை அங்கு மாற்றிய காலம் முதல் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. உரிமம் பெற்ற ஆலைகளும் அங்குண்டு. கள்ளத் துப்பாக்கிப் பட்டறைகளும் உண்டு.

ஒதுக்கப்பட்ட பாகம் உருக்கப்படாமல் வெளியே போனால், அது சட்டம் ஒழுங்குக்கு ஆபத்து. கள்ளப் பட்டறையில் தயாராகும் துப்பாக்கியோ, அதைப் பிடித்திருப்பவருக்கே ஆபத்து. எந்த எஃகு, எந்தப் பதம் என்று யாரும் கேட்காமல், கூடுதல் அழுத்தத் தோட்டாவால் நடத்தப்படும் தரச் சோதனையும் இல்லாமல் வெளிவரும் ஆயுதம் அது.

கேட்கப்பட வேண்டியவை

அமெரிக்காவில் வீரர்கள் காயமுற்ற ஓராண்டுக்குள் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு விசாரித்து, தோட்டா எண்ணிக்கை வரை அறிக்கையில் அச்சிட்டது. ஆயுதத்தின் குறை வெளியே தெரிந்தால் எதிரிக்குச் சாதகமாகும் என்று அங்கே யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை. இங்கும் நாடாளுமன்றத்தின் உள்துறை, பாதுகாப்புத் துறை நிலைக்குழுக்கள் உள்ளன. பொதுக் கணக்குக் குழு உள்ளது. மாநிலங்களில் சட்டப்பேரவைக் குழுக்கள் உள்ளன.

ஒவ்வொரு கைத்துப்பாக்கியும் இதுவரை எத்தனை தோட்டாக்கள் சுட்டுள்ளது? கடைசியாக அதன் சுருள்வில் மாற்றப்பட்டது எப்போது? விரிசல் சோதனை நடந்ததா? கழிக்கப்பட்ட ஸ்லைடுகள் உருக்கப்பட்டதற்குச் சான்று உண்டா? இந்த நான்கு கேள்விகளையும் ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டு விட்டாலே, விடை அளிப்பதற்காகவேனும் பதிவேட்டில் அந்தப் பத்தி திறக்கப்படும்.

துப்பாக்கியை நீட்டும் காவலர் தன் எதிரே நிற்பவரைக் கவனிக்கத்தான் பயிற்றுவிக்கப்படுகிறார். தன் கையில் உள்ள எஃகுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. அதை அவருக்காகப் பார்க்க வேண்டிய கடமை, அந்தத் துப்பாக்கியை அவர் கையில் கொடுத்த அரசுக்கு உண்டு.